மார்கழியில் இல்லாத நாள்

1

என் கைபேசியில் ஒரு பஞ்சாங்கச் செயலி வைத்திருக்கிறேன். ஊர்ப்பெயரைத் தட்டினால் அன்றைய சூரிய உதயம், திதி, நட்சத்திரம், ராகு காலம் எல்லாம் வரிசையாக வரும். கடலூர் என்று தட்டினால் கேட்காததையும் சேர்த்துச் சொல்லும். நான் குடியிருக்கும் துரோம்சோ என்று தட்டினால், நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை எல்லாக் கட்டத்திலும் ஒரு சின்னக் கோடு மட்டும் போட்டுவிட்டு உட்கார்ந்துகொள்ளும்.

செயலியைக் குறை சொல்ல முடியாது. இது நார்வே நாட்டின் வட கோடி. அந்த நாட்களில் இங்கே சூரியன் தலை காட்டாது. நண்பகலில் கொஞ்ச நேரம் வானம் நீலமாக வெளுக்கும், அவ்வளவுதான். நம் கணக்கில் ஒரு நாள் என்பது ஓர் உதயத்திலிருந்து அடுத்த உதயம் வரை. உதயமே இல்லாத ஊரில் நாளை எங்கே தொடங்குவது என்று அதற்குத் தெரியவில்லை. பகல் பொழுதை எட்டாகப் பங்கு போட்டால்தான் ராகு காலம் கிடைக்கும். பகலே இல்லையென்றால் எதைப் பங்கு போடுவது?

"உங்க சொந்தக்காரங்க எல்லாரையும் டிசம்பர்ல இங்க வந்து கல்யாணம் பண்ணச் சொல்லுங்க. ராகு காலம் கெடையாது, எமகண்டம் கெடையாது, எந்நேரமும் நல்ல நேரம்தான்" என்பாள் என் மனைவி ஸ்டெல்லா. அவள் சிதம்பரத்துக் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். எங்கள் வீட்டுப் பஞ்சாங்கத்தைக் கிண்டல் செய்ய அவளுக்கு முழு உரிமை உண்டு என்று கல்யாணத்தின்போதே பேசி முடித்தாகிவிட்டது.

கடந்த நவம்பரில் நான் அந்தச் செயலியைத் திறந்தது அம்மாவின் திதிக்காக. அம்மா காலமானது ஒரு மார்கழி மாதத்துத் தேய்பிறை துவாதசியில். ஒவ்வொரு வருடமும் மார்கழியில் அந்தத் திதி என்றைக்கு வருகிறதோ அன்றைக்குத்தான் அவளுக்கு எள்ளும் தண்ணீரும் விட வேண்டும். நான் ஒரே மகன். அம்மா போன பிறகு ஒரு தடவைகூட அந்த நாளில் நான் ஊரில் இருந்ததில்லை. கடலூர் முதுநகரில் அம்மாவின் வீட்டிலேயே இப்போது குடியிருக்கும் என் அக்கா செல்விதான் ஐயரை வைத்து, என் பெயரைச் சொல்லி நடத்திக்கொண்டு வந்தாள். இந்த முறை கட்டாயம் வருகிறேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன்.

ஆகஸ்ட் மாதமே டிக்கெட் எடுத்தாகிவிட்டது. அதற்கு முந்தைய வருடம் திதி கிறிஸ்துமஸை ஒட்டி வந்திருந்தது. மார்கழி என்றால் டிசம்பர் பாதியிலிருந்து பொங்கல் வரைக்கும்தானே, கிறிஸ்துமஸ் விடுமுறையில் போய் உட்கார்ந்தால் திதி தானாக வந்து மாட்டிக்கொள்ளும் என்பது என் கணக்கு. செயலி கோடு போட்டுவிட்டதால் அக்காவை அழைத்தேன்.

"தேதி பாத்துட்டியாக்கா?"

"ஐயரு நேத்துதான் பாத்து சொன்னாரு. அத உங்கிட்ட எப்படி சொல்றதுன்னு யோசிச்சிக்கிட்டு இருந்தேன்."

"ஏன், என்ன ஆச்சு?"

"இந்த வருஷம் மார்கழியில அம்மா திதி இல்லடா."

எனக்குப் புரியவில்லை. சிக்னல் சரியில்லையோ என்று இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன்.

"கார்த்திகை கடைசி நாள் ஒண்ணு வருது. அதுக்கப்புறம் தை ஒண்ணாந்தேதி, பொங்கலன்னைக்கு வருது. நடுவுல மார்கழி பூரா தேய்பிறை துவாதசியே இல்ல. ஐயரு தையிலயே வச்சிக்கலாம்னு சொல்றாரு."

மாதத்தை நாம் சூரியனை வைத்து எண்ணுகிறோம், திதியை நிலாவை வைத்து எண்ணுகிறோம். நம் மாதங்களில் மார்கழி குட்டையானது. நிலா தன் சுற்றை முடிப்பதற்குள் மாதம் முடிந்துவிடும். அதனால் எப்போதாவது ஒரு திதி மாதத்துக்குள் அடங்காமல் வெளியே நின்றுவிடுகிறது, குட்டைப் போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கால் மாதிரி. இத்தனை வயதில் இது எனக்குத் தெரியாது. நான் ஊரில் இறங்கும்போது கார்த்திகையின் திதி போயிருக்கும். நான் திரும்பி வந்து ஒரு வாரம் கழித்துத் தையின் திதி வரும். இரண்டிலும் இடிக்காமல் நடுவில் அழகாகப் பொருந்தி உட்கார்ந்திருந்தது என் விடுமுறை.

2

இந்தக் கணக்கையெல்லாம் அம்மா கேட்டிருந்தால் சிரித்திருப்பாள். அவளுக்குப் பஞ்சாங்கம் பார்க்க நேரம் இருந்ததில்லை.

அம்மா சிதம்பரம் தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டர். முதுநகரிலிருந்து ரயிலில் போய்வருவாள். நான் கைக்குழந்தையாக இருந்தபோதே அப்பா இறந்துவிட்டதால் அந்த ஒரு சம்பளம்தான். காலை ஷிப்ட், மாலை ஷிப்ட், நைட் ஷிப்ட் என்று மாறி மாறி வரும். வார ஓய்வு பல வருடங்களுக்குப் புதன்கிழமை. அதனால் எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமை புதனன்று வந்தது. தெருவே ஞாயிறு மீன் குழம்பு வைக்கும்போது, எங்கள் வீட்டில் என்னைவிட நான்கு வயது மட்டுமே பெரியவளான அக்கா வைத்த ரசமும் அப்பளமும். புதன்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வாசலிலேயே இறால் தொக்கு மணக்கும். மற்றப் பிள்ளைகளுக்குத் திங்கட்கிழமை காலையில் வருகிற வயிற்றுவலி எனக்கு வியாழக்கிழமை காலையில் வந்தது. எதற்காக இவன் வாரத்தின் நடுவில் அழுகிறான் என்று வகுப்பாசிரியருக்குக் கடைசி வரை புரியவில்லை.

நைட் ஷிப்ட் முடிந்து காலையில் வரும்போது அம்மாவுக்கு இன்னும் நேற்றே முடிந்திருக்காது. நாங்கள் புது நாளுக்குச் சீருடை போட்டுக்கொண்டு நிற்போம், அவள் பழைய நாளை முடிக்கப் பாயை விரிப்பாள். அந்த இடைவெளியில் எனக்குத் தலை வாரிவிட்டதும் சோறு கட்டிக் கொடுத்ததும் அக்காதான்.

எங்கள் தெருவிலேயே நாள் மூன்று வேளைகளில் பிறந்தது. பக்கத்து வீட்டு ரஹீமா அம்மாவுக்குச் சூரியன் மறைந்ததும் அடுத்த நாள் தொடங்கிவிடும். நாம் வியாழக்கிழமை சாயங்காலம் என்பதை அவர் வெள்ளி இரவு என்பார், அன்றைக்குப் பாத்திஹா ஓதி எங்களுக்கும் சர்க்கரை கொடுத்தனுப்புவார். எதிர்வீட்டு வாத்தியார் குடும்பம் கிறிஸ்தவர்கள், அவர்களுக்கு நடுராத்திரி பன்னிரண்டு அடித்தால் தேதி மாறும். எங்களுக்கு விடிந்தால்தான். இதில் எது சரி என்று ஒருவரும் சண்டை போட்டதில்லை. "நாளான்னைக்கு வரேன்" என்று சொன்னால் எல்லாரும் ஒரே நாளில்தான் வந்து சேர்ந்தார்கள்.

அம்மா இறந்தது விடிவதற்கு முன், மூன்று மணி வாக்கில். இறப்புச் சான்றிதழ் நடுராத்திரிக் கணக்குப்படி ஒரு தேதியைப் போட்டது. தெரு விடிகிற கணக்குப்படி அதற்கு முந்தின நாள் என்றது. எனக்கோ இங்கே அப்போது இரவு பத்தரை மணி, இரவு ஷிப்டில் இருந்தேன், அதுவும் முந்தின தேதிதான். அந்த நேரத்திலேயே வேலையைப் போட்டுவிட்டுக் கிளம்பினேன். திரும்பி வந்து துக்க விடுப்புக்கு விண்ணப்பித்தபோது அலுவலகப் பெண்மணி சான்றிதழின் மொழிபெயர்ப்பைப் பார்த்துவிட்டு, மிகவும் கனிவாக, "உங்கள் அம்மா இறப்பதற்கு முந்தின நாளிலிருந்து துக்க விடுப்புக் கேட்டிருக்கிறீர்களே" என்றார். நான் உலக வரைபடத்தை விரித்து விளக்க வேண்டியிருந்தது. அவர் புரிந்துகொண்டு, வருத்தம் தெரிவித்து, ஆனாலும் கணினி ஏற்கவில்லை என்று அந்த ஒரு நாளைச் சொந்த விடுப்பில் கழித்தார்.

அம்மா இருந்தவரை அக்காவும் நாள் பார்த்தவள் இல்லை. அம்மா போன பிறகுதான் திதி விஷயத்தில் இத்தனை கண்டிப்பு. மாமா, அதாவது அக்காவின் கணவர், ஒரு தடவை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளி வைத்துக்கொள்ளலாமே என்று கேட்டதற்கு இரண்டு நாள் அவருடன் பேசவில்லையாம். ஏனக்கா இவ்வளவு என்று நானும் கேட்டிருக்கிறேன்.

"உசுரோட இருந்தப்ப அம்மாவுக்குன்னு ஒரு நாளு இருந்துச்சாடா? எல்லாம் ஆபீசு நாளு, நம்ம நாளு. அவுங்க லீவு நாள்லகூட நம்ம துணிதான் தொவைச்சாங்க. செத்த பொறவுதான் அவுங்களுக்குன்னு ஒரு நாளு கெடைச்சிருக்கு. அதையும் நம்ம வசதிக்கு மாத்துனா எப்படி?"



3

பரங்கிப்பேட்டையில் கடல் உயிரினங்களைப் பற்றிப் படித்துவிட்டு, மீன் குஞ்சு பொரிக்கும் நிலையம் ஒன்றில் வேலைக்காக இந்த ஊருக்கு வந்தேன். சேர்ந்த முதல் மாதம் எங்கள் மேற்பார்வையாளர் பியோர்ன் என்பவரிடம், இந்தச் சால்மன் முட்டை எத்தனை நாளில் பொரிக்கும் என்று கேட்டேன். நாளைக் கேட்காதே, சூட்டைக் கேள் என்றார்.

இங்கே முட்டையின் வயதை நாளில் சொல்வதில்லை. அன்றன்றைக்குத் தண்ணீரில் எத்தனை பாகை சூடு இருந்ததோ அதைக் கூட்டிக்கொண்டே வருவார்கள். சுமார் ஐந்நூறு சேர்ந்தால் குஞ்சு வெளியே வரும். தண்ணீர் எட்டுப் பாகையில் இருந்தால் இரண்டு மாதத்தில் சேர்ந்துவிடும், நான்கில் இருந்தால் நான்கு மாதம் ஆகும். குளிர்ந்த நாள் சின்ன நாள், சூடான நாள் பெரிய நாள். சுவரில் தொங்கும் காலண்டரைப் பற்றி முட்டைக்கு ஒரு கவலையும் இல்லை.

முதலில் இது எனக்கு வேடிக்கையாக இருந்தது. பிறகு ஒரு நாள் அக்காவின் முகத்தை வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தபோது இந்தக் கணக்கு நினைவுக்கு வந்தது. நான்கு வயது வித்தியாசம்தான். ஆனால் பல் கொட்டி, கண்ணாடி தடித்து, மூட்டு வலியில் ஒரு கையைச் சுவரில் ஊன்றி நடக்கிற அவளையும் என்னையும் பக்கத்தில் நிறுத்தினால் யாரும் உடன்பிறப்பு என்று சொல்ல மாட்டார்கள். என் அத்தை என்பார்கள். கடலூரில் ஒரு நாள் முப்பது, இங்கே ஒரு நாள் மூன்றோ நான்கோ. அவள் பெரிய நாட்களாக வாழ்ந்து தீர்த்துக்கொண்டிருக்கிறாள். நான் இங்கே குளிர்ப்பெட்டியில் வைத்த மாதிரி அப்படியே இருக்கிறேன். அவளைப் பார்க்க இன்னும் காலம் இருக்கிறது என்று என் கணக்குச் சொல்கிறது, அவளுடைய கணக்கு அப்படிச் சொல்லவில்லை. இதை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

இந்த நாட்டுக்காரர்களுக்கு இரவும் பகலும் சேர்ந்த முழு நாளுக்கு ஒரு சொல், வெளிச்சம் உள்ள பகுதிக்கு வேறொரு சொல். முழு நாள் "தோய்ன்", பகல் "தாக்". இரண்டு மாதம் இருட்டும் இரண்டு மாதம் வெளிச்சமுமாக இருக்கிற ஊரில் இப்படிப் பிரித்து வைத்தால்தான் பிழைப்பு நடக்கும் போலிருக்கிறது. எங்கள் மகள் அனு இங்கேயே பிறந்தவள், பதினைந்து வயது. அத்தை வீட்டில் மூணு நாள் இருப்போம் என்று நான் சொன்னால், "மூணு தோய்னா, மூணு தாக்கா?" என்று கேட்பாள். வாரங்களுக்கு இங்கே எண் உண்டு. அவளுடைய பரீட்சை வாரம் நாற்பத்தொன்பதில், பனிச்சறுக்கு வாரம் பத்தில். ஆடியும் ஆவணியும் அவளுக்கு யாரோ இரண்டு பெண்களின் பெயர்கள்.

இரண்டு வாரத்துக்கு நாம் பதினைந்து நாள் என்கிறோம், இவர்கள் பதினான்கு நாள் என்கிறார்கள். "நீங்க மொத நாளையும் சேத்து எண்ணறீங்கப்பா, அது தப்பு" என்று அனு என்னைத் திருத்தினாள். பாண்டிச்சேரிக்கு அந்தக் காலத்தில் வந்த பிரெஞ்சுக்காரர்களும் பதினைந்து என்றுதான் சொல்வார்கள், அவர்களைப் போய்த் திருத்து என்றேன். கிளம்பும் நாளையும் நாளாக எண்ணுகிற பழக்கம் நம்முடையது. புறப்படுகிற அன்றே நாம் பாதி ஊர் போய்ச் சேர்ந்துவிட்டோம் என்பதை அவளுக்கு எப்படிச் சொல்லிப் புரியவைப்பது?

4

மார்கழியில் திதி இல்லை என்று தெரிந்த மறுநாள் பியோர்னிடம் போனேன். விடுப்பை மாற்ற வேண்டும், பொங்கல் விழுகிற வாரம் மூன்றில் நான் ஊரில் இருக்க வேண்டும் என்றேன். வாரம் மூன்றில்தான் பெரிய தொட்டியில் முட்டைகளுக்கு ஐந்நூறு முடிகிறது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"அம்மாவின் நினைவு நாள் என்று ஆகஸ்ட்டிலேயே சொன்னாயே?"

"ஆமாம். அந்த நாள் நகர்ந்துவிட்டது."

இறந்துபோன ஒருவரின் நாள் எப்படி நகரும் என்று அவர் கேட்கவில்லை. நல்ல மனிதர். ஆனால் அவர் நெற்றியில் அந்தக் கேள்வி எழுதியிருந்தது. பார்க்கிறேன், இரண்டு நாளில் சொல்கிறேன் என்றார்.

வீட்டில் அனு அந்தக் கேள்வியை வாய்விட்டே கேட்டாள். "பாட்டி செத்த டேட் சர்டிபிகேட்ல இருக்கு இல்ல? அத வச்சி பண்ண வேண்டியதுதானே? ஏம்ப்பா எல்லாத்துக்கும் நெலாவ கேக்கறீங்க?"

"எங்கப்பா நாளு டிசம்பர் இருபத்தெட்டு. என்னைக்கும் அதான். கோயில்ல பூசைக்கு ஒரு வருஷத்துக்கு முன்னாடியே எழுதி வச்சிடலாம்" என்றாள் ஸ்டெல்லா.

"உங்க ஈஸ்டர் மட்டும் வருஷத்துக்கு வருஷம் எங்கெங்கயோ ஓடுதே, அது யார கேட்டு ஓடுது?"

"அது ஆண்டவரு. உங்கம்மா ஆபரேட்டரு" என்றாள். மூவரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் ஸ்டெல்லாவே, "நீங்க மட்டும் தனியா பொங்கலுக்குப் போயிட்டு வாங்களேன். நாங்க முன்னாடி போயிட்டு வந்துடறோம்" என்றாள். அது நடக்கக்கூடியதுதான். என் டிக்கெட்டை மாற்ற அபராதம் கட்ட வேண்டும், பியோர்ன் வேறு ஓர் ஆளைப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். நானும் கிட்டத்தட்ட முடிவு செய்துவிட்டேன்.

அன்று மாலையே அக்கா அழைத்தாள்.

"தம்பி, ஐயருகிட்ட பேசிட்டேன்டா. நீ வர்ற வாரத்துலயே ஒரு நாளு வச்சிக்கலாம்னுட்டாரு. நீ ஒண்ணும் மாத்தாத."

"அது எப்படிக்கா? திதி இல்லாத நாள்ல…"

"வெளிநாட்டுலேர்ந்து வர்றவங்களுக்கு அதெல்லாம் பாக்க வேணாமாம். ஞாயித்துக்கெழம சொல்லிட்டேன். புள்ளயோட வந்து சேரு."

மாமாவுடன் இரண்டு நாள் பேசாமல் இருந்த அக்கா, ஞாயிற்றுக்கிழமை என்று அவளாகவே சொல்கிறாள். எனக்கு அங்கேயே உறைத்திருக்க வேண்டும். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், அப்போது எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. அடுத்த நாள் பியோர்னிடம் எதையும் மாற்ற வேண்டாம் என்று சொன்னபோது அவர் என் தோளைத் தட்டினார். அந்த நிம்மதியை இப்போது நினைத்தால் எனக்கே பிடிக்கவில்லை.

5

விமானம் ஏறி, சென்னையில் இறங்கி, பாண்டிச்சேரி வழியாகக் கடலூர் வந்து சேர்ந்தோம். ஒரு மாத இருட்டில் கிடந்த கண்ணுக்கு முதுநகர் வெயில் தாங்கவில்லை. அனு கண்ணைச் சுருக்கிக்கொண்டே நடந்தாள். "என்னாடி, எங்க ஊரு லைட்டு ஜாஸ்தியா இருக்கா?" என்று மாமா கேட்டார்.

வந்த முதல் வாரத்தில் சிதம்பரம் போனோம். ஸ்டெல்லாவின் அப்பாவுக்கு டிசம்பர் இருபத்தெட்டில் நினைவுத் திருப்பலி. பாதிரியார் பெயரை வாசித்தார், ஸ்டெல்லாவின் அண்ணன்கள் அழுதார்கள், பிறகு கல்லறைக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்து பிரியாணி சாப்பிட்டோம். மச்சான்கள் எல்லாரும் வெவ்வேறு ஊரிலிருந்து அந்த ஒரு நாளைக் குறிவைத்து வந்திருந்தார்கள். யாருக்கும் எந்தக் குழப்பமும் இல்லை. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போனோம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஐயருக்கு எதிரே மணலில் உட்கார்ந்தேன். கிளம்புவதற்கு முன் வீட்டில் அக்கா எல்லாருக்கும் இட்லி வைத்தாள், நான் மட்டும் வேண்டாம் என்றேன். அவளும் இரண்டு இட்லி சாப்பிட்டாள். திதியன்று காக்காய்க்குச் சோறு வைக்கும் வரைக்கும் பச்சைத் தண்ணீர் குடிக்காதவள். சர்க்கரை மாத்திரைக்காக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஐயர் சங்கல்பம் சொல்ல ஆரம்பித்தார். யார், எங்கே, எந்த வருடம், எந்த மாதம், எந்தப் பட்சம், எந்தத் திதி என்று அதில் வரிசையாகச் சொல்ல வேண்டும். மேலுலகத்துக்குப் போகிற தபாலில் தேதி முத்திரை குத்துவது போலத்தான் அது. மார்கழி என்றார், வளர்பிறை என்றார், அன்றைக்கு உண்மையாகவே என்ன திதியோ அதைச் சொன்னார். அம்மா போனது தேய்பிறையில். நான் திரும்பி அக்காவைப் பார்த்தேன். அவள் கையில் பையைப் பிடித்தபடி அனுவுக்குக் கடலில் போகும் படகைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

நான் அழுதேன். எள்ளும் தண்ணீரும் விரல் வழியாக இறங்கியபோது, அம்மாவுக்கு என் கையால் கொடுத்துவிட்டேன் என்று தோன்றி உடம்பெல்லாம் லேசானது. அனு முதல் முறையாக என்னைப் படம் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். கடலில் முழுகி எழுந்து வந்ததும் அக்கா துண்டால் என் தலையைத் துவட்டிவிட்டாள். ஐம்பது வயதுக்காரனுக்குத் துவட்டிவிடுகிறாளே என்று எனக்கு வெட்கமாக இருந்தது, ஆனாலும் தலையைக் குனிந்து காட்டினேன்.

"இப்ப திருப்திதானேடா?" என்றாள்.

"ரொம்பக்கா."

"அது போதும்" என்றாள்.

6

ஊரிலிருந்து திரும்பி ஒரு வாரம் ஆகியிருந்தது. பொங்கலன்று இங்கே வழக்கம்போல இருட்டு. சூரியன் மலைக்கு மேலே தெரிய இன்னும் ஒரு வாரம் ஆகும். தெரிகிற அன்று பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு உருண்டை ரொட்டி கொடுத்துக் கொண்டாடுவார்கள். வராத சூரியனுக்குப் பொங்கல் வைப்பதில் எங்களுக்குப் பழக்கம் உண்டு. ஸ்டெல்லா மின் அடுப்பில் பானையை வைத்தாள். பால் பொங்கியதும் அனு ஜன்னலைப் பார்த்து, "பொங்கலோ பொங்கல்" என்று கத்தினாள். ஜன்னலில் தெருவிளக்குதான் தெரிந்தது.

வேலைக்குக் கிளம்புவதற்கு முன் வாழ்த்துச் சொல்ல அக்காவை அழைத்தேன். ஊரில் அப்போது பதினோரு மணி இருக்கும். மாமா எடுத்தார்.

"ஹாப்பி பொங்கல் மச்சான்!"

"பொங்கல் வாழ்த்து மாமா. அக்கா எங்க?"

"அவ தேவனாம்பட்டினம் போயிருக்கா. வர்ற நேரந்தான்."

"பொங்கலும் அதுவுமா அங்க என்ன?"

மாமா கொஞ்சம் தயங்கினார். "அதான்… இன்னைக்கு அத்தை திதி இல்ல? காலையிலயே ஐயரோட போயிட்டா. இன்னும் எங்க வீட்டுல பானையே வைக்கல. அவ வந்துதான் பொங்கணும்."

வந்ததும் பேசச் சொல்கிறேன் என்று அவர் வைத்துவிட்டார். நான் காலணியைப் போட்டுக்கொண்டு வாசல் படியிலேயே உட்கார்ந்திருந்தேன். ஸ்டெல்லா பேருந்துக்கு நேரமாகிறது என்றாள், அடுத்ததில் போகிறேன் என்றேன்.

அக்கா அழைத்தபோது தலை ஈரமாக இருந்தது. நெற்றியில் பொட்டு இல்லை. மூச்சு வாங்கியது.

"என்னாடா, பொங்கல் வச்சிட்டீங்களா? புள்ள சாப்பிட்டுச்சா?"

"இன்னைக்கு நீ திதி குடுத்தியாக்கா?"

அவள் மாமாவை ஒரு பார்வை பார்த்தது திரையில் தெரிந்தது.

"ஆமாண்டா. தை ஒண்ணாந்தேதி வருதுன்னு சொன்னேனே."

"அப்ப அன்னைக்கு ஞாயித்துக்கெழம நாம பண்ணது?"

"அது உனக்குடா தம்பி." குரலில் கோபமே இல்லை. காய்ச்சல்காரப் பிள்ளைக்கு மருந்து கொடுக்கிற குரல். "அவ்ளோ தூரத்துலேர்ந்து பொண்டாட்டி புள்ளையோட வந்துட்டு, கடல்ல எறங்காம போனா உனக்கு மனசு ஆறுமா? அதான் ஐயருகிட்ட கேட்டு அப்படி பண்ணச் சொன்னேன். ஆனா அம்மாவுக்கு அவுங்க நாள்லதானே குடுக்கணும். அத நான் பாத்துக்கிட்டேன்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமேக்கா. நான் டிக்கெட்ட மாத்தியிருப்பேன்."

"நீ மாத்தியிருப்ப. அதான் சொல்லல. உன் வேலைய கெடுத்துக்கிட்டு வந்து நிப்ப, அப்புறம் அந்த ஆபீசுக்காரன் ஒரு வார்த்த சொல்லுவான். அம்மாவுக்கு அது புடிக்குமா?" அவள் சேலைத் தலைப்பால் தலையைத் துடைத்துக்கொண்டாள். பின்னால் யாரோ பானை எடுத்து வைக்கிற சத்தம் கேட்டது. "ஒண்ணும் நெனச்சிக்காத. உம்பேரத்தான் சொல்லச் சொன்னேன். எள்ளும் தண்ணியும் உம்பேர்லதான் போச்சு."

அவள் என் முகத்தைத் திரையில் உற்றுப் பார்த்தாள்.

"கேளு. அடுத்த வருஷமும் உனக்கு எப்ப லீவுன்னு முன்னாடியே சொல்லிடு. அன்னைக்கு உனக்கு ஒண்ணு வச்சிடலாம்."

"சொல்றேன்க்கா" என்றேன்.